வார்த்தைக்குக் குலம் கேட்டவர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என் கல்யாணத்தை முடித்துவைத்த மனுஷன், நாலு வருஷம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து என் உயிரை வாங்கியவர், பத்திரிகையில் போடுவதற்காகக் கேட்டபோதுகூட, "பிரதர்னு போடு பாப்பா, போதும்" என்று சொல்லிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் 'பிரதர்' என்றால் டீக்கடைக்காரர் முதல் பூக்காரம்மா வரை சிரிப்பார்கள். பெயரைக் கேட்டால் அவர்களும் முழிப்பார்கள்.

அரியலூர்ப் பக்கம் கொள்ளிடக்கரையில் ஒரு கிறிஸ்தவக் கிராமத்துக்காரர். சின்ன வயதில் சாமியாராவதற்காகக் குருமடத்தில் சேர்ந்தாராம். அங்கே படிக்கிற பையன்களை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள், பட்டம் கொடுத்த பிறகுதான் 'ஃபாதர்'. இவர் ஃபாதர் ஆவதற்கு முன்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிரதர் என்ற பெயர் மட்டும் அவரோடு பஸ் ஏறி வந்துவிட்டது. ஏன் வந்தீர்கள் என்று நான் மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவை சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒரு தடவை சமையல்காரர் மகளோடு பழக்கம் என்றார். இன்னொரு தடவை, கனவில் மாதாவே வந்து கிளம்பச் சொன்னதாகச் சொன்னார். இதில் எது நிஜம் என்றால், "மூணையும் வெச்சுக்க பாப்பா, வேணுங்கிறதை எடுத்துக்க" என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. அவருக்கு நான் பாப்பா!

வந்தவர் பார்த்த தொழில்தான் வேடிக்கை. கல்யாணத் தரகு. தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று போனவர், கடைசி வரைக்கும் செய்துகொள்ளவும் இல்லை, ஊருக்கெல்லாம் செய்துவைத்துக்கொண்டு திரிந்தார். அதிலும் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள். ஜாதகம், நட்சத்திரம், குலதெய்வம் எல்லாம் விரல்நுனியில். ஒரு பழைய மொபட், ஒரு ரெக்ஸின் பை, வெற்றிலைக் கறை படிந்த ஒரு சிரிப்பு. இவ்வளவுதான் அவருடைய ஆபீஸ்.

பொய் சொல்வார். அடேயப்பா, என்ன பொய்! மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிற பையனை 'ஃபுட் பேக்கிங் லைன்' என்பார். துபாயில் டிரைவராக இருப்பவன் 'டிரான்ஸ்போர்ட் பிசினஸ்'. முப்பத்தாறு வயது ஆனவன் அவர் வாயில் நுழைந்து வெளியே வரும்போது முப்பத்தொன்றாகிவிடுவான். அந்த பயோடேட்டாவையெல்லாம் டைப் அடித்தவள் நான்தான் என்பதால் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. "இது பொய்யில்லையா பிரதர்?" என்று கேட்டால், "பொய்யில்ல பாப்பா, பவுடர். பொண்ணு பார்க்க வரும்போது பவுடர் போட மாட்டியா?" என்பார்.

ஆனால் அவர் ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லவே மாட்டார். வார்த்தை. இங்கிலீஷ் வார்த்தை எங்கே பிறந்தது, எந்த லத்தீன் வயிற்றிலிருந்து வந்தது என்பதில் கழுத்தில் கத்தி வைத்தாலும் ஒரு எழுத்து மாற்றிச் சொல்ல மாட்டார்.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து வரன்கள். பெயர், வயசு, நட்சத்திரம், குலதெய்வம், போட்டோ. நோட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் வார்த்தைகள். அங்கேயும் அதே முறைதான். எந்த வார்த்தை எந்தக் குடும்பம், தாய் யார், கூடப் பிறந்தவை எவை. முன்பக்கம் முழுக்கப் பவுடர், பின்பக்கம் முழுக்கச் சத்தியம். இரண்டும் நடுவில் சந்திக்க இன்னும் இருபது பக்கம்தான் பாக்கி என்று ஒருநாள் கவலையோடு எண்ணிக்கொண்டிருந்தார்.

என் கடைக்கு அவர் முதன்முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, இதுதான் என் கடை. ஒரு பயோடேட்டாவை நீட்டினார். மேலே தலைப்பில் 'மேட்ரிமனி' என்று அடித்தேன். திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குக் கூடப்பிறந்தது ஒண்ணு இருக்கு, தெரியுமா பாப்பா? பேட்ரிமனி."

"அப்படின்னா?"

"மாட்டெர்னா லத்தீன்ல அம்மா. பாட்டெர்னா அப்பா. வால் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அம்மாவுல ஆரம்பிச்சா கல்யாணம், அப்பாவுல ஆரம்பிச்சா சொத்து! ஆம்பளைக்குச் சொத்தைக் குடுத்துட்டு, பொம்பளைக்குக் கல்யாணத்தைக் குடுத்திருக்கான் பாரு, அந்தக் காலத்துலயே."

"ரொம்ப நியாயம்தான்," என்றேன். "சொத்தையும் அதே வால்ல கட்டிக் குடுத்திருந்தா நான் இந்தக் கடையில உட்கார்ந்திருக்க மாட்டேன்ல?"

விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து என் கடை அவருடைய கடையாகிவிட்டது. நோட்டின் பின்பக்கத்தையும் டைப் அடித்துக் கொடு என்று கேட்டார். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் தினம் ஒரு பக்கம் அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல அடிப்பது எனக்குப் பிடித்துப்போனது, அதை மறைப்பானேன்.

அவருக்கு எல்லாமே உறவுமுறைதான். ஒரே லத்தீன் தாய்க்குப் பிறந்த வார்த்தைகள் பங்காளிகள், அதாவது ரத்த உறவு. நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டோம், அண்ணன் தங்கை முறை. பார்க்க ஒன்றுபோல இருந்தும் வேறு வேறு தாய்க்குப் பிறந்த வார்த்தைகளை, "இதுங்களுக்குச் சம்பந்தம் பேசலாம், தப்பில்ல" என்பார். அவருடைய பெரிய கோபம் 'கஸின்' என்ற வார்த்தை மேல். "மொதல்ல அது சித்தி, பெரியம்மா பிள்ளைங்களுக்கு மட்டும்தான் பாப்பா இருந்துச்சு. ஒழுங்கா அண்ணன் தங்கச்சி முறை. அப்புறம் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுட்டான். கட்டிக்கிற முறை எது, கட்டிக்கக் கூடாத முறை எதுன்னே தெரியாம எப்படிப் பொழைக்கிறானுங்களோ!"

கடைக்கு வருகிறவர்களையும் விட மாட்டார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வருவார், வயசானவர், ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மகன் அபுதாபியில் இருந்தார், அதனால் விசா பாரம், டிக்கெட் என்று மாதம் இரண்டு தடவையாவது வந்துவிடுவார். ஒருநாள் பிரதர் அவரைப் பிடித்துக்கொண்டு, ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், விருந்தாளியைத் தங்கவைத்துக் கவனிக்கிற இடம் என்றுதான் அர்த்தம் என்று அரைமணி நேரம் சொன்னார். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"அல்லாஹ்வே! எம் மவன் அங்க ஹோட்டல்ல வேலை பார்க்குறான். மருமவ இங்க ஹாஸ்பிடல்ல நர்ஸு. பேரன் திருச்சியில ஹாஸ்டல்ல கெடக்குறான். மூணு பேரும் ஒரே வூட்டுலதான் இருக்காங்கன்னு சொல்றீங்களா?"

பாய் போன பிறகு பிரதர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ஹோட்டலுக்குப் பக்கத்தில் 'பாய் மகன்' என்று எழுதியிருந்தது.

உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது இன்னும் கூத்து. ஒருத்தர் வார்டுக்கு நிற்கிறார், நோட்டீஸ் அடிக்க வந்தார். பளீரென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பிரதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோமாபுரியில் தேர்தலுக்கு நிற்பவர்கள் துணிக்குச் சுண்ணாம்பு தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு வருவார்களாம். லத்தீனில் வெள்ளைத்துணிக்காரன் என்பதுதான் 'கேண்டிடேட்' என்றார். வெள்ளை வேட்டிக்காரருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நம்ம வழக்கம்தான் அங்கயும்னு சொல்லுங்க!" என்று எனக்கும் சேர்த்து டீ சொன்னார். டீ வந்ததும் பிரதர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"இதுக்குப் பங்காளி ரெண்டு பேரு. ஒண்ணு கேண்டில். இன்னொண்ணு கேண்டிட், ஒளிவு மறைவு இல்லாம உண்மை பேசுறது. இந்த ரெண்டாவது பங்காளி மட்டும் தேர்தல் நேரத்துல ஊர்ப்பக்கமே தலைகாட்ட மாட்டான்."

வெள்ளை வேட்டிக்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நோட்டீஸை வேறு கடையில் அடித்தார். "ஏன் பிரதர் என் வயித்துல அடிக்கிறீங்க?" என்று கத்தினேன். "நான் என்ன பண்ணட்டும், பொறப்பு அப்படி" என்று வார்த்தை மேல் பழியைப் போட்டார்.

அதைவிடப் பெரிய நஷ்டம் அவருக்கே வந்தது. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வசதியான வீடு, ஒரே பெண். மூன்று மாதமாக அலைந்து ஒரு வரனைக் கனியவைத்திருந்தார். பெண்ணின் அப்பா தமிழ்மேல் உயிராக இருப்பவர். பேச்சு முடிகிற நேரத்தில், "இங்கிலீஷ்காரன் 'கேஷ்'னு சொல்றானே, அது நம்ம 'காசு'தானே? சொல்லுங்க பிரதர், மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கேட்கட்டும்" என்றார். ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். வயசில் ஐந்தைக் குறைத்தவருக்கு இது ஒரு விஷயமா? பிரதர் தலையாட்டவில்லை. "இங்கிலீஷ்ல கேஷ் ரெண்டு இருக்குங்க. பழைய செப்புக் காசுக்கு ஒரு கேஷ், அது நம்ம காசு, சத்தியமா நம்ம வூட்டுப் பிள்ளை. இப்ப எல்லாரும் சொல்ற கேஷ் வேற. அது காப்ஸான்னு லத்தீன்ல, பெட்டின்னு அர்த்தம். மூஞ்சி ஒண்ணு, குடும்பம் வேற" என்றார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பத்துப் பேர் நடுவில் அவமானம். அந்த வரன் அன்றோடு போச்சு. அடுத்த நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "ஒரு தடவை ஆமான்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?" என்றேன். "மனுஷனுக்கு நாக்கு இருக்கு பாப்பா, நான் ஒண்ணு சொன்னா அவன் இல்லேன்னு சொல்லிக்குவான். வார்த்தை பாவம், அது பேசாது" என்றார். எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

இந்தக் கதை ஊரெல்லாம் சுற்றி என் பெரியப்பா காதுக்கும் போனது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் ஆளைப் பார்த்ததும் எடைபோடுகிற கண். அவருக்கும் அவர் பங்காளிக்கும் கூட்டுக் கிணற்றில் முறைத் தண்ணீர் தகராறு, பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு வரன் பார்க்கச் சொல்லி பிரதரை வீட்டுக்கு வரவழைத்தபோது அந்தப் பேச்சும் வந்தது. பிரதர் சும்மா இருப்பாரா?

"ரைவல்னு சொல்றோம்ல, எதிராளி? லத்தீன்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுங்களா? ஒரே வாய்க்கால் தண்ணியில பங்கு உள்ளவன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னது? வெள்ளைக்காரனுக்கும் இந்தப் பாடுதானா?"

"இதுலேயே இன்னொரு வேடிக்கை. ரிவர்னா ஆறு. ரைவலுக்குப் பங்காளின்னுதானே நினைப்பீங்க? கிடையாது. ரைவல் தண்ணியில பொறந்தது, ரிவர் கரையில பொறந்தது. ரிப்பான்னா கரை. வந்து சேர்றதுக்கு அரைவ்னு சொல்றான்ல, அதுதான் ரிவருக்குப் பங்காளி. கரை சேர்றது."

ஒரு மணி நேரம் பேசினார்கள். வரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை! அன்றிலிருந்து பிரதர் எப்போது வீட்டுக்கு வந்தாலும் பெரியப்பா இரண்டு வார்த்தை எடுத்துவைப்பார். "இது ரெண்டும் பங்காளியா, இல்லையா?" கேட்ட வாய் மூடுவதற்குள் பிரதர் ஆரம்பித்துவிடுவார். தெரியாவிட்டால் தெரியாது என்பார், அடுத்த வாரம் பார்த்துக்கொண்டு வந்து சொல்வார். என் அம்மாதான் சமையல்கட்டிலிருந்து முணுமுணுப்பாள். "பொண்ணுக்கு வயசு ஏறுது, இவங்க வார்த்தைக்குக் குலம் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

ஒருவழியாக ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். எலெக்ட்ரிக்கல் கடை. பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போனார்கள். நான் வழக்கம்போல் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தேன். மூன்றாம் நாள் அந்த மாப்பிள்ளை என் கடைக்கு வந்து ஆதார் கார்டை நீட்டி, "ஒரு காப்பி" என்றார். அடுத்த வாரம் அதே ஆதார் கார்டு, அதே ஒரு காப்பி. நாலாவது தடவை வந்தபோது, "ஜெயங்கொண்டத்துல ஜெராக்ஸ் மிஷினே இல்லைங்களா?" என்று கேட்டேன். "இருக்குங்க. அங்க நீங்க இல்லையே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கம் தாங்காமல் கார்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

உறுதி பேச ஒரு புதன்கிழமை வந்தார்கள். அவர் வரவில்லை, அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் மட்டும். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா வெள்ளந்தி. பேச்சுவாக்கில், "எங்க பிள்ளைக்கு மொத மொட்டையே சிறுவாச்சூர்லதான் போட்டோம், எங்க குலதெய்வம் ஆச்சே" என்றார்கள்.

பெரியப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எங்களுக்கும் குலதெய்வம் சிறுவாச்சூர் காளிதான். ஒரே ஜாதியில் ஒரே குலதெய்வம் என்றால் எங்கள் பக்கம் பங்காளி முறை. எனக்கும் அவருக்கும் அண்ணன் தங்கை முறை! பிரதர் நோட்டில் அவர்கள் குலதெய்வம் என்று வேறு ஏதோ ஊர் ஐயனார் பெயர்தான் எழுதியிருந்தார். அங்கேயும் பவுடர் போட்டிருக்கிறார் மகாபாவி.

"சிறுவாச்சூர் சாமி எத்தனையோ ஜனத்துக்குக் குலதெய்வம்ங்க," என்றார் தாய்மாமா. "நாங்க எங்க தாத்தா காலத்துலதான் அங்க போக ஆரம்பிச்சோம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு சாவுக்குக்கூடச் சொல்லிவிட்ட பழக்கம் கிடையாது. அப்புறம் எப்படிப் பங்காளி?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இல்லை என்பதற்கும் சாட்சி இல்லை. இந்த மாதிரி இக்கட்டுக்குச் சாமியிடம் பூக் கேட்பதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஆனால் சிறுவாச்சூர் கோயில் திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அன்றைக்குப் புதன். அவர்களோ, இது தட்டிப்போனால் இருக்கட்டும் என்று, மறுநாள் துறையூரில் இன்னொரு பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கே பதில் தெரிந்தால்தான் அதை நிறுத்த முடியும் என்றார்கள்.

பெரியப்பா எழுந்து சமையல்கட்டுக்குள் வந்தார். பின்னாலேயே பிரதர். நானும் அம்மாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை, நேராக அவரைப் பார்த்தேன். என்ன வேண்டுமென்று அதிலேயே சொல்லிவிட்டேன்.

"பிரதரு," என்றார் பெரியப்பா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இல்ல. எங்க சாமி கதவு சாத்தியிருக்கு. உன் சாமிகிட்டயே பூக் கேட்போம். நான் ரெண்டு வார்த்தை சொல்றேன். அதுங்க பங்காளின்னா இந்தச் சம்பந்தம் வேணாம். பங்காளி இல்லேன்னா தாம்பூலம் மாத்திக்கலாம். நீ வார்த்தைக்குப் பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

பிரதர் என்னைப் பார்த்தார். "கேளுங்க" என்றார்.

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். இரண்டும் ஒட்டவே ஒட்டாத வார்த்தையாக இருக்க வேண்டும் என்று அவர் தேடுவது எனக்கே புரிந்தது. அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது, தன் வாயால் சரி என்று சொல்லத்தான் முடியவில்லை. என் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

"இந்த பிஸ்கட்டு. நாம நிக்கிற இந்த கிச்சன். ரெண்டும் பங்காளியா?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். பிஸ்கட் எங்கே, கிச்சன் எங்கே, இது ஒரு கேள்வியா என்று அவளுக்கு முகத்தில் வெளிச்சமே வந்துவிட்டது. ஆனால் போன வாரம்தான் அந்தப் பக்கத்தை நான் டைப் அடித்திருந்தேன். கோக்வெரே என்ற லத்தீன் தாய், சமைப்பது என்று பொருள். அவளுக்குப் பிறந்தவை குக், கிச்சன், பிஸ்கட். பிஸ்கட் என்றால் இரண்டு தடவை வேகவைத்தது. அவர் சொல்லச் சொல்ல என் பத்து விரலால் அடித்தது. சந்தேகமே இல்லாத பங்காளிகள்.

கேட்ட வாய் மூடுவதற்குள் ஆரம்பிக்கிற பிரதர், அடுப்பைப் பார்த்தார், பாத்திர ஷெல்ஃபைப் பார்த்தார். பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், நிஜத்தைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லும் நல்ல புத்தி எனக்கு வரவில்லை. சொல்லிவிடாதீர்கள் என்றுதான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தமே இல்லீங்க" என்றார்.

"நிச்சயமா?"

"வேற வேற ஜனம். ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது."

பெரியப்பா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வெளியே போனார். "தாம்பூலத்தட்டை எடுத்துட்டு வாம்மா" என்று அம்மாவுக்குச் சத்தம் கொடுத்தார்.

அடுத்த நாள் மதியம் பிரதர் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், வெற்றிலை போடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்காகச் சொல்லிட்டீங்க பிரதர்" என்றேன்.

"அந்தப் பக்கத்தை அடிச்சவளே நீதானே. தெரிஞ்சுதானே நின்னே?"

"தெரிஞ்சுதான் நின்னேன்."

"திருட்டுக் கழுதை" என்றார், சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "மனுஷங்ககிட்ட நான் சொல்ற பொய் அவங்களுக்கும் தெரியும் பாப்பா. பாதியைக் கழிச்சுட்டுத்தான் கேட்பாங்க. இந்த வார்த்தைங்க மட்டும்தான் என்னை முழுசா நம்பிக்கிட்டு இருந்துச்சுங்க." டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல வருஷத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாராம். சின்ன வயசுச் சாமியார். "என்ன பாவம் செய்தீர்கள்?" என்று கேட்டதற்கு, "கிச்சனுக்கு பிஸ்கட் பங்காளி இல்லைன்னு சொல்லிட்டேன் சாமி" என்றிருக்கிறார். முழுக்கதையையும் கேட்ட சாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமியிருக்கிறார். இதெல்லாம் பாவமில்லை, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாராம். பிரதருக்கு அது போதவில்லை. தனக்குத்தானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டார். அடுத்த ஒரு வருஷத்துக்கு வரன் விஷயத்திலும் பொய் சொல்வதில்லை!

அந்த ஒரு வருஷம் இருக்கிறதே, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டமும் மறக்காது. நான் கல்யாணமாகி ஜெயங்கொண்டத்தில் கடை போட்டிருந்தேன், அங்கேயும் பஸ் ஏறி வந்துவிடுவார். "டைப் அடி பாப்பா: வயசு முப்பத்தொம்போது. முடி சொந்தம் இல்லை." "பிரதர், இதை எப்படி பயோடேட்டாவுல போடுறது?" "போடு, விரதம்." ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா, பையன் குணம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். "தங்கமான பையன்ங்க. கோவம் வந்தா மட்டும் டம்ளரை வீசுவான். எவர்சில்வர்தான், உடையாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு மாப்பிள்ளையின் மாமா இவர் மொபட் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்த வருஷம் அவர் கையால் ஒரே ஒரு கல்யாணம்தான் நடந்தது. பெண்ணும் பையனும் ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்தவர்கள், இவர் என்ன சொன்னாலும் அவர்கள் காதில் விழவில்லை. ஆள் இளைத்துவிட்டார். என்னால்தானே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விரதத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன். மசியவில்லை.

வருஷம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். மகள் பிறந்திருந்தாள். பெரியப்பா ஒரு மூட்டை வெங்காயத்தோடு குழந்தையைப் பார்க்க வந்தார். மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவர், நான் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்ததும் தட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த பிஸ்கட்டும் கிச்சனும் பங்காளிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன், வாய் வரவில்லை. "ஆமாம் பெரியப்பா" என்றேன். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே தெரியும். ரைவலுக்கு ஒரு மணி நேரம் கதை சொன்ன மனுஷன், பிஸ்கட்டுக்குத் தண்ணியைக் குடிச்சுட்டு ஒத்த வரியில முடிச்சா, எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தாம்பூலம் மாத்துனீங்க?"

"வார்த்தைக்குப் பொய் சொல்லாத மனுஷன் ஒனக்காகச் சொல்றான்" என்றார் பெரியப்பா, குழந்தையின் கால்விரலை நீவிக்கொண்டே. "அதுக்கு மேல எந்தச் சாமி வந்து எனக்கு வெள்ளைப்பூக் குடுக்கணும்?"

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரதருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மனுஷன் உருகிப்போய்விட்டார் என்று நினைத்து நான் இன்னொரு தடவை அழத் தயாரானேன்.

"அப்ப அவருக்கு அன்னிக்கே தெரியுமா?" என்றார்.

"தெரியுமாம் பிரதர்."

"தெரிஞ்சும் வாயைத் தொறக்கலையா?"

"தொறக்கலை."

"அடப்பாவி மனுஷா!" என்று காது கிழியக் கத்தினார். "ஒரு வருஷம் பாப்பா! முழுசா ஒரு வருஷம் உண்மை பேசியிருக்கேன்! அதை யாரு எனக்குத் திருப்பித் தருவா?"